எலியின் சிறுநீரில் மரிக்கொழுந்து வாசம்

திருமங்கலத்துக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எலிக்குக் கொடுத்த மருந்து உடம்புக்குள் என்னவாக மாறியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் ஐயா?" வழிகள் பல. மருந்தில் ஃபுளோரின் இருந்தால் மட்டும் எனக்குக் கொண்டாட்டம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். மல்லிகைக் குவியலுக்குள் குறிப்பிட்ட ஒரு மல்லிகையைத் தேட முடியாது. ஒரு கொத்து மரிக்கொழுந்து கிடந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். உடம்பில் ஹைட்ரஜன்தான் மல்லிகை. ஃபுளோரினோ, எலும்பிலும் பல்லிலும் திடமாக உறைந்திருப்பதைத் தவிர, இல்லை என்றே சொல்லலாம்.

இந்த மரிக்கொழுந்தை மோப்பம் பிடிக்கும் கருவியின் பெயர் என்எம்ஆர், அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. வலிய காந்தத்துக்குள் அணுக்கரு பம்பரமாகத் தலைசுற்றும்; அதற்கேற்ற ரேடியோ அலையைக் கொடுத்தால் பதில் சொல்லும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் ஃபுளோரின் முழுவதும் ஃபுளோரின்-19, இந்த வேலைக்கென்றே பிறந்தது.

அழகு இனிமேல்தான். அணுக்கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்துக்குப் பந்தல் போட்டதுபோல் நிழல் தருகின்றன. பக்கத்து அணு மாறினால் பந்தலும் மாறும், பதில் சொல்லும் அதிர்வெண் நகரும். ஒவ்வொரு அதிர்வெண்ணும் வரைபடத்தில் ஒரு கோடாக எழும். ஹைட்ரஜனின் கோடுகள் அதிர்வெண்ணின் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு அகலத்துக்குள் நெரிபடுகின்றன. ஃபுளோரினுக்கோ பல நூறு பங்கு மைதானம்! நாலைந்து அணு தள்ளி ஏதாவது மாறினாலும் கோடு இடம்பெயரும். எலிக்குப் புற்றுநோய் மருந்தான 5-ஃபுளோரோயூராசிலைக் கொடுத்தால், கல்லீரல் நொதிகள் அதன் வளையத்தை உடைத்து ஃபுளோரோ-பீட்டா-அலனினாக்கும். சுமார் 19 பங்கு தள்ளிப் புதுக் கோடு எழும். சிறுநீரைப் பிரித்தெடுக்கக்கூட வேண்டாம். கொஞ்சம் கனநீர் சேர்த்துக் குழாயில் ஊற்றினால் போதும். கோட்டின் பரப்பு அளவையும் சொல்லிவிடும். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பே அறுந்துபோனால் ஃபுளோரைடு தனிக் கோடாக நிற்கும்.

மிகச் சிறிய அளவுகளுக்கு, மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரிக்கும் நிறைநிறமாலைமானிதான் கெட்டி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் எதிர்பாராத விளைபொருளும் இங்கே தானாக வந்து நிற்கும். நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பணம் கொட்டி என்எம்ஆர் காந்தம் வாங்கினார்கள். அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஊற்ற ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவில்லை. ஹீலியம் தீர்ந்தால் அது வெறும் பீப்பாய். திறப்பு விழாவுக்கு மட்டும் குறையே இல்லை, பூசணிக்காய் உட்பட.

சில நேரம் கோடு அசையவே அசையாது. நான்ஸ்டிக் பூச்சுத் தொழிலில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ஃபுளோரின் சேர்மம் எலிக்குள் போனபடியே வெளியே வருகிறது. அதில் பாதியைப் பெண் எலி சில மணி நேரத்தில் சிறுநீரில் தள்ளிவிடும். ஆண் எலிக்குச் சில நாட்கள், மனிதருக்குச் சில ஆண்டுகள். சிறுநீரகத்தில் அதை வெளியேற்றும், திரும்ப உறிஞ்சும் புரதங்கள் ஒரே மாதிரி இல்லை. ஆணா பெண்ணா என்று குறிப்பிடாத எலி ஆய்வைக் கண்டால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.