போலீஸ் வீட்டுச் சோதனைக்கு வந்தால்: தற்காப்பு உரிமை எதுவரை?

வீட்டுக்குள் அத்துமீறி நுழைகிறவரை எதிர்த்து நிற்க நம் சட்டம் இடம் தருகிறது. வந்தவர் போலீஸ்காரராக இருந்தால் அந்த உரிமை வெகுவாகச் சுருங்கிவிடுகிறது, ஆனால் முழுவதுமாகப் போய்விடுவதில்லை. எங்கே சுருங்குகிறது, எங்கே மிஞ்சுகிறது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் வாசலில் கைகலப்பில் இறங்கி, இல்லாத வழக்கை இழுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள் அதைவிட அதிகம்.

2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. நம் உயிரையும் உடைமையையும் மட்டுமல்ல, அடுத்தவருடையதையும் காப்பாற்றலாம். சூரியன் மறைந்ததற்கும் விடிவதற்கும் இடையில் வீட்டை உடைத்துப் புகுகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் 41-ஆம் பிரிவு துணைக்கு வரக்கூடும். ஆனால் இவை எல்லாமே 37-ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை. நமக்கு முக்கியமானது அதுதான்.

ஓர் அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, தன் பதவியின் பேரில் ஒன்றைச் செய்கிறார். அதனால் உயிர் போகும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ அஞ்ச நியாயமான காரணம் இல்லை. அப்படியானால், அவர் செய்வது சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும் அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது 37. இந்த "முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும்" என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாரண்டில் ஒரு குறை, சாட்சி வைக்கவில்லை என்பதற்காகப் போலீஸைத் தள்ளிவிட்டால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியதாக 132-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். அதற்கு 2 ஆண்டு வரை சிறை.

மறுபக்கமும் உண்டு. ராஜஸ்தானில் கலால் அதிகாரிகள் சோதனைக்கான காரணத்தை எழுதி வைக்காமலே ஒரு வீட்டைச் சோதனையிடப் போனார்கள். வீட்டுக்காரர் தடுத்தார். காரணத்தைப் பதிவு செய்வது வெறும் சடங்கல்ல, அது இல்லாத சோதனையே சட்டவிரோதம் என்று சொல்லி, அவரைக் குற்றவாளியாக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. முக்கியமான தீர்ப்புதான். ஆனாலும் இதை நம்பி வாசலில் மல்லுக்கட்டாதீர்கள் என்பதே என் கருத்து. அந்த நேரத்தில் எது சட்டவிரோதம் என்று உங்களால் தீர்மானிக்க முடியாது. நீதிமன்றம் தீர்மானிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சரி, உரிமை எங்கே மிஞ்சுகிறது? இரண்டு இடங்களில். ஒன்று, போலீஸ் செய்வது உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் தருவதாக இருந்தால். எலும்பு முறிவு, பல் உடைவது, பார்வை போவது போன்றவை கொடுங்காயம். ஓர் அறை விழும் என்ற பயம் இதில் சேராது. இரண்டு, வந்தவர் போலீஸ் என்று உங்களுக்குத் தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால். மஃப்டியில் நாலு பேர், யாரென்று சொல்லாமல் நள்ளிரவில் கதவை உடைத்தால், திருடர்கள் என்று நினைத்துத் தடுத்தவருக்கு 37-இன் விளக்கம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் "போலீஸ்" என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டிய பிறகு இந்த வாதம் எடுபடாது. எந்த நிலையிலும் தேவைக்கு மேல் பலம் காட்டக் கூடாது. தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது.

அதனால் உண்மையான பலம் சோதனை விதிகளில்தான் இருக்கிறது. அவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளன. வாரண்டைக் காட்டி உள்ளே விடச் சொன்னால் விட வேண்டும். கேட்டும் வழி விடாவிட்டால் கதவை உடைக்கவும் அதிகாரம் உண்டு. வாரண்ட் இல்லாமலும் வரலாம். ஆனால் 185-ஆம் பிரிவின்படி விசாரணை அதிகாரி எதைத் தேடுகிறார், ஏன் காத்திருக்க முடியாது என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் மனு கொடுத்தால் அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

103-ஆம் பிரிவு சொல்வதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், வர மறுத்தால், வேறு பகுதி ஆட்களை அழைக்கலாம். வீட்டுக்காரரையோ அவர் சார்பில் ஒருவரையோ சோதனை முடியும்வரை உடனிருக்க விட வேண்டும். பெண்ணை இன்னொரு பெண்தான், கண்ணியம் கெடாமல், சோதனையிட வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியலை, அதாவது மகஜரை, சாட்சிகள் கையெழுத்தோடு உங்களுக்கும் ஒரு நகல் தர வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புதிய சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 105-ஆம் பிரிவு. சோதனையையும் பட்டியல் தயாரிப்பதையும் போலீஸ் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், செல்போனே போதும். "வீடியோ எடுக்கிறீர்களா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்கள் எடுக்கக் கூடாது என்றும் இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. குறுக்கே நிற்காமல், தள்ளி நின்று எடுங்கள்.

சோதனையே இல்லாமல், ரவுடிப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக ராத்திரி ராத்திரி வந்து கதவைத் தட்டுவது வேறு விஷயம். உத்தரப் பிரதேசப் போலீஸ் விதிகளில் இருந்த இரவு நேர வீட்டு வருகையை உச்ச நீதிமன்றம் 1962-லேயே கரக் சிங் வழக்கில் செல்லாது என்றது. 2025-இல் கேரள உயர் நீதிமன்றமும், கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் கதவைத் தட்ட முடியாது என்று சொல்லி, கதவைத் திறக்க மறுத்தவர் மீதான வழக்கை ரத்து செய்தது. திருந்தி வாழ நினைப்பவரின் குழந்தைகளும் அந்த வீட்டில்தான் தூங்குகிறார்கள். இந்தத் தீர்ப்புகள் ஸ்டேஷன்வரை போய்ச் சேர வேண்டும்.

அத்துமீறல் நடந்தால் அன்றைக்கே நேரத்தையும் வந்தவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானக் கணக்கு இல்லாமலே அதைக் கேட்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.