பீலித் தண்ணீர் எங்கே கலங்கியது?

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையைப் பதிந்து, யாருக்கு முழுப் பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப் பேர் (அரைநாள் கூலி) என்று கணக்கிடும் நிரல் ஒன்றைத் தோழிகளுடன் சேர்ந்து லினக்ஸ் கணினியில் எழுதிவருகிறார். சித்திரையில் சரியாக இருந்த கணக்கு இப்போது பிசகுகிறது. சாக்கு நிறை, ஈரம் என்று 2 கிலோ கழித்த பிறகும், முழுப் பேருக்கு வேண்டிய 18 கிலோ வருகிற நாளில், அவருடைய அம்மாவுக்கு அரைப் பேர் காட்டுகிறது. இடையில் நிரலில் 600 திருத்தங்கள். "ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். பத்து முறை பார்த்தால் போதும்.

திருத்தங்களை அவர்கள் கிட் என்ற கருவியில் பதிந்துவந்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் வேலைக்காக எழுதத் தொடங்கிய திறமூலக் கருவி அது. ஒவ்வொரு பதிவும் அன்றைய நிரலையும் தனக்கு முந்திய பதிவின் அடையாள எண்ணையும் சுமந்திருக்கும். அதனால் எந்த நாளின் நிரலையும் அன்றிருந்தபடியே மீட்டெடுக்கலாம். எல்லாப் பதிவுகளும் நம் கணினியிலேயே இருப்பதால் மழைநாளில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் பைசெக்ட் என்ற கட்டளை.

நான் வளர்ந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேல்மலை ஊற்றிலிருந்து குழாயில்தான் தண்ணீர் வரும். ஒரு நாள் காலையில், தண்ணீர் விழும் பீலியில் சேறாகக் கொட்டியது. ஊற்றில் தெளிந்த நீர். இடையில் 64 மூட்டுகள். குழாயைப் பராமரித்த மாமா கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றவில்லை. நேரே பாதி மலைக்கு ஏறி, நடு மூட்டைத் திறந்தார். தெளிவாக வந்தது. மேல்பாதியில் குற்றமில்லை என்று விட்டுவிட்டு, கீழ்பாதியின் நடுவுக்கு இறங்கினார். அங்கே சேறு. இப்படிப் பாதி பாதியாக ஆறாவது மூட்டைத் திறந்தபோது இடம் பிடிபட்டது: கழன்றிருந்த மூட்டு வழியே கானில் (வடிகாலில்) ஓடிய சேற்று நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

பைசெக்ட் செய்வது அச்சாக இதுதான். சரியாக இருந்த ஒரு பழைய பதிவையும், கெட்டுப்போன இன்றைய பதிவையும் சொன்னால், நடுவிலுள்ள பதிவை எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து நல்லது அல்லது கெட்டது என்றால் பாதி கழிந்துவிடும். 600, 300, 150, 75 என்று சுருங்கி, அதிகம் போனால் பத்தாவது சோதனையில் ஒரே பதிவு மிஞ்சும். பத்து லட்சம் திருத்தங்கள் என்றாலும் இருபது சோதனைதான். லினக்ஸ் கருநிரலில் முன்பு வேலை செய்த ஒன்று கெட்டால், அதை உருவாக்குகிறவர்களே இந்த முறையில் தேடச் சொல்கிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. ஓரிடத்தில் கலங்கிய தண்ணீர் அதற்குக் கீழே எங்கும் கலங்கலாகவே இருக்க வேண்டும். வந்து வந்து மறைகிற பிழையானால் தேடல் வழி தவறிவிடும்.

இனி நான் வியந்து வியந்து பார்க்கும் இடம். இந்தச் சோதனையை நாம் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த, லினக்ஸ் போன்ற கணினிகளில் எந்த நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் காரியம் நடந்தது. வேறு எண் என்றால் நடக்கவில்லை. 'பைசெக்ட் ரன்' அந்த எண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. 20 கிலோவை உள்ளிட்டு, முழுப் பேர் வந்தால் 0, இல்லையென்றால் 1 என்று முடியும் ஐந்து வரிச் சோதனையை எழுதிக் கொடுங்கள். அதுவே பதிவுகளைத் தாவித் தாவித் தேடிவரும்.

சில பழைய பதிவுகள் ஓடவே மாட்டா. துருப்பிடித்துக் கழற்ற முடியாத மூட்டுகளைப் போல. அதற்கென்றே 125 என்ற எண். "இதைச் சோதிக்க முடியவில்லை, பக்கத்தில் பார்" என்று பொருள். ஏன் 125? கட்டளையை இயக்க முடியாவிட்டால் 126, அப்படியொரு கட்டளையே இல்லாவிட்டால் 127 என்று, நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. அவற்றுக்குக் கீழே மிஞ்சிய பெரிய எண்ணைக் கிட்டை உருவாக்கியவர்கள் எடுத்தார்கள். பிறர் வகுத்த ஒழுங்கைக் கலைக்காமல் தன் இடத்தைத் தேடிக்கொண்ட அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கணினி பிசகினால் கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் வைப்பவர்களை அறிவேன். கண்ட வரியையெல்லாம் மாற்றிப் பார்ப்பதும் எனக்கு அதே மூடநம்பிக்கைதான். தோட்டப் பாடசாலைகளுக்குக் கணினி கொடுக்கிறவர்கள், இந்தத் தேடும் முறையைச் சொல்லித்தர ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கருவி இலவசம், ஆசிரியர் இலவசமாகக் கிடைக்க மாட்டார்.

மாணவி சோதனையை எழுதி ஓட்டியிருக்கிறார். ஒன்பதாவது தாவலில் பதிவு கிடைத்ததாம். பதியும்போதே கழித்த 2 கிலோவை, பேர் கணக்கிடும் இடத்தில் தோழி ஒருத்தி அறியாமல் இன்னொரு முறை கழித்திருக்கிறாள். பதினெட்டு பதினாறாகி, அரைநாள் கூலி போயிருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, சித்திரைக்குப் பிறகான நாள்களையெல்லாம் மறுபடி கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.