ஆள் வராமல் மாத்திரை மட்டும் கேட்கும் குடும்பங்கள்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியாக மனநல கிளினிக் நடத்துகிறேன். சாயங்கால ஓ.பி.யில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நோயாளிகளே இல்லை. அம்மா, அண்ணன், மனைவி, சில சமயம் பேச்சுத்துணைக்கு வந்த சித்தப்பா. ஃபைல் கையில் இருக்கும், ஆள் வீட்டில் இருப்பார். "அவன் வர மாட்டான் டாக்டர். தனக்கு ஒண்ணுமே இல்லைங்கிறான். சாம்பார்ல கலந்து குடுக்கிற மாதிரி சொட்டு மருந்து எழுதிக் குடுங்க, போதும்."

புதிதாக கிளினிக் திறந்த டாக்டருக்கு இது சோதனைதான். வாடகையும் கம்பவுண்டர் சம்பளமும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தால் பீஸும் வரும், குடும்பமும் கும்பிட்டுவிட்டுப் போகும். மறுத்தால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் நான் எழுதுவதில்லை. (டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய முதல் சில நாட்களில் சிலருக்கு, அதிலும் இளவயது ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண் மேலே செருகும், தாடை இறுகும், நாக்கு தடித்த மாதிரி பேச்சு குழறும். மருந்து சாப்பிடுவது தெரிந்தவர் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார், பெரும்பாலும் ஒரு ஊசியில் சரியாகிவிடும். தெரியாமல் சாப்பிட்டவரின் கதியை யோசித்துப் பாருங்கள். நடுராத்திரியில் கேஷுவாலிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டியூட்டி டாக்டர் வலிப்பா, டெட்டனஸா என்று குழம்புவார். நோயாளி பக்கத்திலேயே படுத்திருப்பதால் அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். சில வீடுகளில் ஆஸ்பத்திரிக்கே போகாமல், செய்வினை என்று முடிவுகட்டி மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

இன்னொன்று. "சோத்துல எதையோ கலக்குறாங்க" என்பதுதான் பல நோயாளிகளின் சந்தேகமே. நோயால் வந்த அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிவிடுகிறோம். பாட்டில் கண்ணில் பட்ட அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைத் தொட மாட்டார், மாத்திரை என்ற பேச்சையே எடுக்க விட மாட்டார்.

சட்டமும் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, விவரம் சொல்லிச் சம்மதம் பெற்றுத்தான் சிகிச்சை என்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியவருக்கும் அதிலேயே வழி உண்டு. அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துத் தேவை என்று சொன்னால், 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். என் கிளினிக்கில் படுக்கை கிடையாது. நோயாளிகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். அப்படிப்பட்டவர்களை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அவர்களுக்கென்றே அரை மணி நேரம் ஒதுக்குகிறேன், அதற்கும் பீஸ் உண்டு. "மாத்திரை எழுதாததுக்குப் பீஸா?" என்று கோபப்படுபவர்களும் உண்டு. அந்த நேரத்தில் நான் முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: தனக்கு எது கஷ்டம் என்று நோயாளியே ஒப்புக்கொள்கிறார்? பெரும்பாலும் தூக்கம், இல்லையென்றால் தலைவலி, படபடப்பு. "ரெண்டு மாசமா சரியாத் தூங்கலையேப்பா, அதை மட்டும் காட்டிட்டு வருவோம்" என்று கூப்பிட்டால் வருகிறவர்கள் நிறைய. இதில் பொய் எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினால், அந்தக் கோபத்தைத் தணிக்கவே முதல் நாள் போய்விடும். வந்தவரிடம் முதலில் தனியாகப் பேசுவேன். அவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்ல மாட்டேன் என்பதை அவர் முன்னாலேயே வீட்டாருக்கும் சொல்லிவிடுவேன்.

அரிவாளைத் தூக்குகிறார், சாகப்போகிறேன் என்கிறார், நாள்கணக்கில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டிய கடமை காவல்துறைக்கும் உண்டு. அவ்வளவு அவசரம் இல்லை, என்ன செய்வது என்றுதான் புரியவில்லை என்றால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.