எழுபது எம்.எம். என்று நினைத்துப் பழைய ரீல்களைப் பாழாக்காதீர்கள்

சென்ற மாதம் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஓர் ஊரிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, எங்க தாத்தா கொட்டகை நடத்துனாவல்லா, மச்சுல பதினோரு டப்பா கெடந்துச்சு, எல்லாம் எழுபது எம்.எம். ரீலு, என்ன வெலைக்குப் போவும்?" என்று கேட்டார். இந்த ஆண்டில் எனக்கு இப்படி வந்த மூன்றாவது அழைப்பு இது. முதல் வீட்டார் நான் போய்ச் சேருவதற்குள் டப்பாக்களைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் பிள்ளைகள் ஒரு சுருளைக் கார்த்திகைக்குக் கொளுத்தி வேடிக்கை பார்த்திருந்தார்கள். ஆகவே, "எதையும் தொடாதீர்கள், நாளைக் காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தேன். போய்ப் பார்த்தால், மூடிய கொட்டகை ஒன்றிலிருந்து வாங்கி வந்த புரொஜெக்டரில் ஒரு ரீலை ஏற்கெனவே மாட்டி ஓட்டி, இருபது அடிக்கு ஓரத்து ஓட்டை வரிசை முழுவதையும் கிழித்து வைத்திருந்தார்.

புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் உதவியாளனாகக் கேபினுக்குள், அதாவது புரொஜெக்டர் அறைக்குள் நுழைந்து, பிறகு செனான் விளக்கு, இப்போது டிஜிட்டல் என்று திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துத் திரையரங்குகளில் பழுது பார்த்து வருபவன் நான். கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த எழுபது எம்.எம். விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். எழுபது எம்.எம். என்பது திரையின் அளவு அன்று. எழுபது மில்லிமீட்டர் என்பது ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலம். அந்த அகலத்தில் திரை கட்டினால் எறும்புதான் படம் பார்க்க வேண்டும். அது பிலிம் சுருளின் அகலம். வழக்கமான சுருள் 35 மில்லிமீட்டர், இரண்டு விரல் அகலம். எவ்வளவு பெரிய திரையிலும் 35 எம்.எம். படத்தைப் பாய்ச்சலாம், என்ன, பெரிதாக்கப் பெரிதாக்க வெளிச்சம் மங்கும், புள்ளிகள் தெரியும். அந்தக் குறையைப் போக்கத்தான் அகலமான பிலிம் வந்தது. நம் ஊர்களில் சுவரில் கொட்டை எழுத்தில் "70 எம்.எம்." என்று எழுதியிருந்த கொட்டகைகள் பலவற்றின் கேபினுக்குள் இருந்தது 35 எம்.எம். இயந்திரம்தான். அந்தக் கதவுகளைத் திறந்து உள்ளே போய் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். திரையை அகலமாக்கி, காட்சியை அகலமாக விரிக்கும் ஸ்கோப் லென்ஸ் மாட்டியதும் உரிமையாளர் பெயின்டருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டிய நாள் முதல் அரை நூற்றாண்டுக்கு மேல் திரை ஏறக்குறைய சதுரமாகவே இருந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டியதும், பின்னர் நம் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததும் அந்தச் சதுரத்தைத்தான். அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்து கூட்டத்தை இழுத்துக்கொள்ளவே, 1952இல் மூன்று புரொஜெக்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்து வளைந்த திரையில் காட்டும் சினிராமா வந்தது. பார்க்கப் பிரமாண்டம், ஆனால் மூன்று படங்களும் சேரும் இடத்தில் இரண்டு கோடுகள் தெரியும், ஓர் இயந்திரம் பிசகினாலும் காட்சி கெட்டது. மூன்று இயந்திரங்களுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பவர் யார்?

மறு ஆண்டே வந்த சினிமாஸ்கோப்தான் கெட்டிக்காரத்தனம். ஆன்றி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி அதே 35 எம்.எம். பிலிமுக்குள் அடைத்துவிடும், கொட்டகையில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துவிடும். இயந்திரத்தை மாற்ற வேண்டாம், லென்சும் அகலத் திரையும் போதும். தமிழில் 1973இல் 'ராஜராஜ சோழன்' அப்படி வந்தது. பிறகு அந்த முறை எங்கும் பரவியதற்குச் செலவுக் கணக்கே காரணம். உண்மையான 70 எம்.எம். வேறு சாதி. 1955இல் டாட்-ஏஓ என்ற பெயரில் வந்த அந்த முறையில் 65 எம்.எம். நெகட்டிவில் எடுத்து, ஆறு தடக் காந்த ஒலிக்காக ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக்கி 70 எம்.எம். பிரதி எடுப்பார்கள். அதை ஓட்டத் தனி ஸ்ப்ராக்கெட் (பிலிமை இழுக்கும் பற்சக்கரம்), தனி கேட் (பிலிம் விளக்கின் முன் கடந்துபோகும் சட்டம்), தனி ஒலித்தலை எல்லாம் வேண்டும். நம் நாட்டில் 1975இன் 'ஷோலே' உட்பட அந்தப் பெயரில் வந்த புகழ்பெற்ற படங்கள் 35 எம்.எம்.மில் எடுத்துப் பெரிதாக்கப்பட்டவையே. 1970இல் ஒசாகா கண்காட்சியில் அறிமுகமான ஐமேக்சும் 70 எம்.எம். பிலிம்தான், ஆனால் அங்கே பிலிம் மேலிருந்து கீழாக அல்லாமல் படுக்கை வாட்டில் ஓடும், ஒரு படத்துக்குப் பதினைந்து ஓட்டைகள், 35 எம்.எம். படத்தைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு பரப்பு. இன்று நம் நாட்டு மால்களில் அந்தப் பெயரில் ஓடுவது பெரும்பாலும் டிஜிட்டல்.

உங்கள் வீட்டு ரீல் எது என்று அறிய என்னை அழைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். அகலம் மூன்றரை சென்டிமீட்டரா, படம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு நான்கு ஓட்டைகளா, அது 35 எம்.எம். அதில் மனிதர்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சி போல ஒல்லியாகத் தெரிந்தால் ஸ்கோப். ஏழு சென்டிமீட்டரும் ஐந்து ஓட்டைகளும் இருந்தால்தான் எழுபது. அம்பாசமுத்திரத்துத் தம்பியின் பதினோரு டப்பாவும் 35 எம்.எம். ஒன்பது வண்ணப் பிரதிகள், சாயம் வெளுத்துச் செக்கச் செவேல் என்று ஆகியிருந்தன. இரண்டு கறுப்பு வெள்ளை. உண்மையான எழுபது கிடைத்தவர் இன்னும் விரைந்து செயல்பட வேண்டும், ஏனென்றால் அதன் ஓரத்தில் பூசிய காந்தப் பூச்சு பிலிமின் சிதைவைத் துரிதப்படுத்தும்.

இரும்புக் கடைக்காரர் "வெள்ளி இருக்கிறது" என்பார். கறுப்பு வெள்ளைப் பிரதியில் இருக்கிறது. வண்ணப் பிரதியில் கழுவும்போதே படத்திலுள்ள வெள்ளி போய்விடும், மிஞ்சினால் ஒலித்தடத்தில் ஒரு கோடு. அந்தச் சிட்டிகை வெள்ளிக்காகக் கொடுத்துவிட்டதில்தான் நம் பழைய படங்களில் எத்தனையோ போயின. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதற்கு நேர்மாறாக, நம் பக்கத்து நாகர்கோவில் சுந்தரராஜ் 1933இல் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படம் இன்றும் இருக்கிறது. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை குறித்த வழக்கில் பிரதியைப் பறிமுதல் செய்து பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்தார்கள். அது அங்கேயே கிடந்து, 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் ஓட்டிப் பார்க்காததே அதைக் காப்பாற்றியது என்பது என் கருத்து.

இனி எச்சரிக்கை. 1950களின் தொடக்கத்துக்கு முந்திய சுருள் எதுவானாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தால் ஓரளவு நிம்மதி. இல்லையென்றால் மூடியை மூடிவிட்டு வெளியே வாருங்கள். பிசுபிசுப்பு, நுரைத்த மேற்பரப்பு, பழுப்புத் தூள் ஆகியவை தெரிந்தால் டப்பாவை அசைக்கவே கூடாது. நைட்ரேட்டுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றினாலும் மணல் கொட்டினாலும் எரியும், புகை நஞ்சு. அணைக்க முயலாமல் வீட்டை விட்டு எல்லாரும் வெளியேறி 101ஐ அழையுங்கள். புனேயில் திரைப்படக் கல்லூரிக் கிடங்கில் 2003இல் பற்றிய தீயில் பழைய நைட்ரேட் பிரதிகள் எரிந்துபோனது இந்தத் துறையில் எவரும் மறக்காத துக்கம். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசற்படி ஏற விடாதீர்கள்.

பிற்காலத்து அசிடேட் பிலிம் அப்படி எரியாது, ஆனால் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது, அந்த ஆவி பக்கத்து டப்பாக்களையும் கெடுக்கும், ஆகவே அதை உடனே தனியே வையுங்கள். நம் வெயிலுக்கு மச்சும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையும் பிலிமுக்கு அடுப்பங்கரைக்குச் சமம். தரைத்தளத்தில் இருப்பதிலேயே குளிர்ந்த, ஈரமில்லாத அறையில், தரையில் படாமல் பலகைமேல் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், அந்துருண்டை போட வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம், நீர்த்துளி கோத்துக்கொள்ளும். தயவுசெய்து புரொஜெக்டரில் மாட்டாதீர்கள்; சுருங்கிய பிலிமின் ஓட்டைகள் பல்லோடு பொருந்தாமல் கிழிவதை அந்தத் தம்பியே கண்டுவிட்டார்.

அவர் வீட்டில் என்னை நடுங்க வைத்தது ரீல் அன்று. கூடத்து ஷோகேசில், பொம்மைகளுக்கு நடுவே, உறையில்லாத செனான் விளக்கு ஒன்று நின்றது. கீழே இரண்டு குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அணைந்து பல ஆண்டுகள் ஆனாலும் அதற்குள் லாரி டயருக்குக் குறையாத அழுத்தம் அடைந்திருக்கிறது. ஒரு தட்டு தட்டினால், ஒரு கீறல் விழுந்தால், குவார்ட்ஸ் கண்ணாடி குண்டுபோல வெடித்துச் சிதறும். நாங்கள் முகக் கவசமும் கனத்த கையுறையும் இல்லாமல் அதன் அருகே போவதில்லை. படித்த பிள்ளை, இதை அலங்காரப் பொருள் என்று வைத்திருக்கிறாரே என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். உங்கள் வீட்டில் இருந்தால், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாமல் கதவைச் சாத்திவிட்டு, அருகிலுள்ள திரையரங்கின் ஆபரேட்டரை அழையுங்கள். அவர் உறையோடு வந்து எடுத்துச் செல்வார்.

அந்த விளக்கைக் கவசமிட்டு நானே எடுத்து வந்தேன். வாடை வந்த ஒரு டப்பா இப்போது தார்சாவில் தனியே இருக்கிறது. கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றின் முதல் சில அடிகளைக் கையால் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பார்த்ததில் அரசின் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம் என்று தெரிந்தது. இன்னொன்றின் தலைப்பு இருக்க வேண்டிய இடம் கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஓரத்து எழுத்துகளைக் குறித்துப் புனே காப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தம்பி இன்னும் விலைதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.