மியூசியம்: சொல் விளக்கம்

சென்னையில் எழும்பூர் மியூசியத்துக்கு வழி கேட்டால், "செத்த காலேஜா?" என்று பெரியவர்கள் திருப்பிக் கேட்ட காலம் ஒன்று உண்டு. மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். பாடம் செய்த பறவையும் திமிங்கல எலும்புக்கூடும் இருக்கும் இடம் செத்த காலேஜ். சரி, இதில் காலேஜ் எங்கே வந்தது? 1851இல் அந்த மியூசியம் தொடங்கியது எழும்பூரில் அல்ல, நுங்கம்பாக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். 1854இல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டே அந்த வளாகத்தில் உயிருள்ள விலங்குகளும் வந்து சேர்ந்தன. இடம் மாறிய பிறகும் காலேஜ் என்ற பேச்சு மட்டும் போகவில்லை.

இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மியூசியம் என்ற சொல் பிறந்தபோது அது ஏறக்குறைய ஒரு கல்லூரியைத்தான் குறித்தது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. மூசெயோன் என்றால் மூசாக்களின் இடம். மூசாக்கள் ஒன்பது பெண் தெய்வங்கள், நினைவின் தெய்வமான நிமோசினிக்குப் பிறந்தவர்கள். கவிதை, இசை, கூத்து எல்லாம் இவர்கள் பொறுப்பு. கூடவே கிளியோ என்ற மூசாவுக்கு வரலாறும், உரானியா என்ற மூசாவுக்கு வானியலும் உரியவை. அறிவியல் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு சகோதரிகளும் ஒரே வீட்டில் இருப்பது மனத்துக்கு நிறைவான செய்தி.

அந்தப் பெயரில் மிகவும் புகழ்பெற்ற இடம் எகிப்தின் அலெக்சாந்திரியாவில், தாலமி அரசர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. பிற்காலத்தில் அதை எழுதிவைத்த ஸ்டிராபோ என்ற கிரேக்க நிலவியல் அறிஞர் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்: நடந்துகொண்டே பேச ஒரு பாதை, உட்கார்ந்து பேச ஒரு மண்டபம், அறிஞர்கள் சேர்ந்து சாப்பிட ஒரு பெரிய வீடு. வேடிக்கை பார்க்க வைத்த பொருள் என்று எதையும் அவர் குறிப்பிடவில்லை. அங்கே நூலகத்துக்குத் தலைவராக இருந்த எரட்டோஸ்தனீஸ், நிழலின் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர். சிசிலியின் சிரக்யூஸ் நகரில் இருந்த ஆர்க்கிமிடீஸ், தன் முடிவுகளுக்குத் தான் எந்த வழியில் வந்து சேர்கிறேன் என்று விளக்கி, கடல் கடந்து இவருக்குத்தான் எழுதி அனுப்பினார். நம் மரபில் இதற்கு இணை தேடினால், பாண்டியர் ஆதரவில் மதுரையில் புலவர்கள் கூடியதாகச் சொல்லும் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது.

பொருள்கள் எப்போது உள்ளே வந்தன? ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில், லத்தீன் வழியாக மியூசியம் என்று ஆகிவிட்ட சொல், அறிஞரின் படிப்பறையையும் அதில் அவர் சேர்த்துவைத்த பொருள்களையும் குறிக்கத் தொடங்கியது. கோபன்ஹேகன் மருத்துவப் பேராசிரியர் ஓலே வோர்மின் அறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1655இல் வெளிவந்த அவருடைய சேகரிப்புப் பட்டியலின் முகப்புப் படத்தில், கூரையிலிருந்து மீன்களும் சிறு படகும் தொங்க, சுவர் முழுக்கச் சிப்பியும் கொம்பும் ஆமையோடுமாக நிறைந்திருக்கும். ஐஸ்லாந்தில் இருந்த அறிஞர்களோடும் அவர் ஓயாமல் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

அப்போது ஐரோப்பாவில் ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று ஒன்றைப் பெரும் விலைக்கு விற்றார்கள். ஆள் உயரத்தையும் மிஞ்சும் நீளம், வெள்ளை நிறம், அடி முதல் நுனி வரை கயிறு முறுக்கியது போன்ற திருகு. நஞ்சை முறிக்கும் என்று அரசர்களே நம்பி வாங்கினார்கள். வோர்ம் மண்டையோட்டோடு சேர்ந்திருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது நெற்றியிலிருந்து வளரவில்லை, மேல்தாடையிலிருந்து பல்லாக நீண்டிருந்தது. இது வடகடலில் வாழும் நார்வால் திமிங்கலத்தின் தந்தம் என்று 1638இல் அறிவித்தார். அந்தப் பேராசிரியரின் மியூசியத்தில் பார்வையும் ஆராய்ச்சியும் ஒரே வேலையாக இருந்தன.

ஆக்ஸ்போர்டில் 1683இல் திறந்த ஆஷ்மோலியன் மியூசியமும் அப்படித்தான். மேல்தளத்தில் சேகரிப்பு, நடுவில் விரிவுரைக்கூடம், கீழே வேதியியல் ஆய்வுக்கூடம். அப்புறம் இந்தப் பழக்கம் இந்தியாவுக்கும் வந்தது. டென்மார்க்கில் பிறந்து, வங்கத்தில் டேனியர்களின் செராம்பூர் குடியேற்றத்தில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வாலிக், 1814இல் கொல்கத்தாவின் அறிஞர் அமைப்பான ஆசியச் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தன் சேகரிப்பிலிருந்தே பொருள்களைத் தருகிறேன், ஒரு மியூசியம் தொடங்குங்கள் என்றார். அதுதான் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம். வங்க மக்கள் அதை ஜாதுகர், அதாவது மாய வீடு என்றார்கள். இந்தி, உருதுவில் அஜாயிப் கர், வியப்புகளின் வீடு.

இனி தமிழுக்கு வருவோம். இலங்கையில் நூதனசாலை என்கிறார்கள். கொழும்பில் 1877இல் திறந்த மியூசியத்துக்கும் இந்தப் பெயர் வழங்குகிறது. நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் உள்ள இடத்துக்குப் புதுமைச் சாலை என்ற பெயரா என்று தோன்றும். ஆனால் கண்டறியாததைக் கண்டு வியப்பது என்ற பொருளில் அது அஜாயிப் கரோடு சேர்ந்து நிற்கும் சொல். சிங்கப்பூரில் அரும்பொருளகம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் நிலைத்தது அருங்காட்சியகம். அருமை + காட்சி + அகம். அருமையில் மை கெட்டு, ககரத்துக்கு இனமான ஙகரம் தோன்றும். கொஞ்ச நாள் மட்டும் நடந்து முடிவது கண்காட்சி. நிலையாக இருப்பது அருங்காட்சியகம். இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. பொருள்களைப் பேணும் அலுவலருக்குக் காப்பாட்சியர் என்று அழகான சொல் வைத்திருக்கிறோம். அதன் ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் வேரும் பேணுதல்தான்.

மூன்றில் எது சரி? அரும்பொருளகம்தான் துல்லியம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். காட்சி என்றால் வெறுமே பார்ப்பது என்று எடுத்துக்கொண்டதால் வந்த பிழை அது. பழந்தமிழில் காட்சி என்பது கண்ணோடு முடிவதில்லை. "மாசறு காட்சியவர்" என்று வள்ளுவர் சொல்வது குற்றமற்ற மெய்யறிவு உடையவரை. 'யாதும் ஊரே' என்று தொடங்கும் புறப்பாட்டில் "திறவோர் காட்சியின் தெளிந்தனம்" என்று வருகிறது. அறிஞர்களின் அறிவால் தெளிந்தோம் என்பது பொருள். பாடியவர் பெயரே கணியன், காலத்தைக் கணிப்பவர். எல்லா ஊரும் நம் ஊர் என்று சொன்ன அதே பாட்டில் காட்சி இந்தப் பொருளில் வருவதை, கோபன்ஹேகனுக்கும் ஐஸ்லாந்துக்கும் போய்வந்த கடிதங்களோடு சேர்த்துப் படிக்க எனக்கு ஆசை. உலக அருங்காட்சியகப் பேரவையும் 2022இல் ஏற்ற வரையறையில் இவற்றின் பணிகளை வரிசையாகச் சொல்லும்போது, சேகரிப்பதற்கும் காட்டுவதற்கும் முன்னால் ஆராய்வதைத்தான் வைத்தது.

பழைய ஆஷ்மோலியன் கட்டடம் இப்போது அறிவியல் வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஒரு கரும்பலகை இருக்கிறது. 1931 மே 16 அன்று ஆக்ஸ்போர்டில் உரையாற்றிய ஐன்ஸ்டைன் அதில் சுண்ணக்கட்டியால் எழுதிய வரிகளை அழிக்காமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கடைசி வரிகள் அண்டத்தின் அடர்த்திக்கும் ஆரத்துக்கும் வயதுக்கும் அவர் போட்ட மதிப்பீடுகள். பலகையும் சுண்ணக்கட்டியும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கும், அவற்றை அரும்பொருள் என்று சொல்ல முடியாது. அங்கே வைத்திருப்பது அந்த மனிதர் கண்ட அருங்காட்சி.