உப்புத் தீக்கு நிழல் உண்டு

ரசம் பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகிறதே, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: சூரியனிலும் அதே சோடியம் இருக்கிறது என்கிறார்கள், சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் அங்கே மட்டும் அது ஏன் கறுப்புக் கோடாகத் தெரிகிறது?

முதல் கேள்விக்குப் பதில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ரசத்தின் உப்பிலிருந்து சோடியம் அணுக்கள் தீக்குள் போகின்றன. சூட்டில் மற்ற துகள்கள் மோத, அணுவின் வெளி எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்கு ஏறுகிறது. சுமார் 16 நானோநொடியில் (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) இறங்கியும் விடுகிறது. அப்போது ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் ஒளியாக வெளிவரும். 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மஞ்சள் கோடுகள் அவை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1859-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் சூரிய ஒளியை உப்புத் தீ வழியாகச் செலுத்திப் பார்த்தார். தீயின் மஞ்சள் சேர்ந்து கறுப்புக் கோட்டை நிரப்பிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கோடு இன்னும் கறுத்தது! எந்த ஒளியை வெளியிடுகிறதோ அதே ஒளியைத்தான் அணு விழுங்கவும் செய்யும். ஏறுவதற்கும் அதே 2.1தான் வேண்டும், கூடக் குறைய இருந்தால் அந்த ஒளி அணுவைக் கடந்து போய்விடும்.

சரி, விழுங்கியதை உடனே திருப்பித் தந்துவிடுகிறதே, அப்புறம் கறுப்பு எங்கிருந்து வந்தது? சூட்சுமம் திசையில் இருக்கிறது. நம்மை நோக்கி நேராக வந்த ஒளியை, பூவாளி தண்ணீரைத் தெளிப்பதுபோல, அணு எல்லாப் பக்கமும் இறைத்துவிடுகிறது. நம் பக்கம் வருவது கொஞ்சம்தான். அக்கம்பக்கத்து நிறங்களின் பிரகாசத்துக்கு நடுவே அந்தக் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கு இருந்தால், அதன் முன்னால் உப்புத் தீயை வைத்துப் பாருங்கள். ஒளிர்கிற தீக்கே சுவரில் கருநிழல் விழும்!

முழுச் சூரிய கிரகணத்தில் இது தலைகீழாகும். சூரியனின் வெளி வாயுவுக்குப் பின்னாலிருக்கும் பிரகாசத்தை நிலா மறைத்ததும், கறுத்திருந்த கோடுகள் சில நொடிகள் ஒளிக்கோடுகளாகப் பளிச்சிடும். கிரகணத்தின்போது கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்தின்மேல் எனக்குத் தீராத கோபம் இருப்பது இதனால்தான். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை, குண்டூரில் பிரான்ஸின் வானியலாளர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சனும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு பார்த்தார்கள். சூரியனின் விளிம்பில் எழும் வாயுப் பிழம்புகளில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தை ஒட்டி, ஆனால் 587.6 நானோமீட்டரில். ஹீலியம் அது. பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே 1895-இல்தான் கண்டுபிடித்தார்.

சூரியனில் இவ்வளவு ஹீலியம் இருந்தும், வழக்கமான சூரிய ஒளியில் அதன் கறுப்புக் கோடு கண்ணில் படாததற்கும் அணுவே காரணம். அந்த ஒளியை விழுங்க, ஹீலியத்தின் எலக்ட்ரான் முன்கூட்டியே 21 எலக்ட்ரான் வோல்ட் அளவு மேலே ஏறியிருக்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பில் அதற்கான சூடு இல்லை.