எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளிக் கோடு போடும் புழு

எலுமிச்சைக் கன்று கொழுந்து விட்ட சில நாளில், இளம் இலையின் மேல் வெள்ளி நிறத்தில் வளைந்து நெளிந்து ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். நத்தை ஊர்ந்த தடம் என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. போகாது. கோடு இலைக்கு மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால், கோட்டின் அகலமான முனையில் கால் இல்லாத, தட்டையான, வெளிர் மஞ்சள் புழு ஒன்று தெரியும்.

இது இலைத்துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது அறிவியல் பெயர். கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளை வைத்து 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் வைத்தது. சிறகை விரித்தாலும் அந்து சுமார் 4 மில்லிமீட்டர்தான். வெள்ளைச் சிறகு, நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் நடமாடும். வருஷக்கணக்காக எலுமிச்சை வளர்ப்பவர்கள்கூட கோட்டைப் பார்த்திருப்பார்களே தவிர, பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தாய் அந்து இளம் இலையில் முட்டைகளைத் தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போகும். புழு முட்டையின் அடிப்பக்கத்தைக் குடைந்து நேராக இலைக்குள் இறங்கிவிடும், வெளியே தலைகாட்டுவதே இல்லை. இலையின் பச்சைத் திசுவுக்கு மேல் ஒற்றை வரிசையில் மேல்தோல் செல்கள் உண்டு, அவற்றின் மேல் மெழுகுப் படலம். புழுவின் உலகம் அந்த ஒற்றை வரிசைதான். சாதாரணப் புழுக்களைப் போல் இது இலையை மென்று தின்பதில்லை. தாடைகள் தட்டையான கத்திகளாக இருக்கும். செல் சுவரைக் கிழித்துச் சாற்றை மட்டும் குடித்துக்கொண்டே முன்னேறும். சாறு போன இடத்தில் மேல்படலம் கொப்புளத்தின் தோல் போல எழும்பி நிற்க, அடியில் காற்று புகுந்துகொள்ளும். வெள்ளி மினுமினுப்பு அந்தக் காற்றால் வருவது. நடுவே ஓடும் கறுப்பு இழை புழுவின் எச்சம்.

தக்காளி இலையிலும் இதே மாதிரி வெள்ளைக் கோடு வருமே என்று தோன்றலாம். அதைப் பெரும்பாலும் போடுவது ஒரு சின்ன ஈயின் புழு. அதன் எச்சம் நடுவில் ஓடாமல் இரு ஓரமும் மாறி மாறிக் கிடக்கும்.

புழு வளர வளரக் கோடும் அகலும். மூன்று தடவை தோலுரித்த பிறகு வாழ்க்கையே மாறிவிடும். கடைசிப் பருவத்தில் சாப்பாடே கிடையாது, பட்டு நூற்பது ஒன்றுதான் வேலை. இலையின் ஓரத்துக்கு வந்து, விளிம்பை நூலால் இழுத்து மடித்து, அதற்குள் கூட்டுப்புழுவாகும். நல்ல வெயில் காலத்தில் முட்டையிலிருந்து அந்து வரை இரண்டு வாரம் போதும், குளிரில் ஏழு வாரம்கூட ஆகும்.

இலை முற்றுவதற்குள் காரியம் முடிய வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். முற்றிய இலையின் தோலில் இந்தப் புழுவின் பாச்சா பலிக்காது. காலும் இல்லை என்பதால் பக்கத்து இலைக்குப் போகவும் வழியில்லை. தாய் இலையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பிள்ளையின் கதை அங்கேயே முடிந்தது. அதனால்தான் இலைக்குள் வாழும் அந்துகள் பெரும்பாலும் ஒரே தாவரக் குடும்பத்தை விட்டு நகர்வதில்லை. இதுவும் எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, சாத்துக்குடி, வில்வம் என்று ஒரே குடும்பத்துக்குள்தான் சுற்றிவரும்.

உள்ளே இருப்பதால் மழை, வெயில் பயம் இல்லை. மேலே பட்டால் மட்டும் கொல்லும் மருந்தும் எட்டாது. ஆனால் குளவிகள் எட்டிவிடும். 1993இல் இந்த அந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்து, ஒரே வருஷத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது. அடுத்த வருஷமே அங்கே அஜெனியாஸ்பிஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தக் குளவி அந்துவின் முட்டையிலோ இளம் புழுவிலோ தன் முட்டையை வைக்கும். அந்த ஒரே முட்டை உள்ளே பிரிந்து பல குளவிக் குஞ்சுகளாகும். புழு ஒன்றும் நடக்காதது போல் சாறு குடித்து வளர்ந்து இலையோரத்தை மடிக்கும், அந்த மடிப்புக்குள் கடைசியில் அந்துவுக்குப் பதில் குளவிக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக இருக்கும். கொஞ்சம் கொடூரம்தான், ஆனால் எந்த மருந்துக்கும் இந்த நேர்த்தி வராது.

சரி, கோடு விழுந்த கன்றை என்ன செய்வது? காய்க்கிற பெரிய மரம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், இலை சுருண்டாலும் மரம் தாங்கும். நர்சரிக் கன்றுக்கும் நட்டுச் சில வருஷமே ஆன செடிக்கும்தான் கவனம் தேவை. கிழிந்த தோல் வழியே சொறிநோய்க் கிருமி சுலபமாக நுழைந்துவிடும் என்பதும் ஒரு காரணம். கொழுந்து தலைகாட்டும்போதே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அந்து முட்டையிடத் தயங்கும். இலை முற்றிய பிறகு தெளிப்பது வீண் செலவு. யூரியாவை அள்ளிப் போடுவதும் அடிக்கடி கிளை வெட்டுவதும் ஓயாமல் கொழுந்து வர வைக்கும், அந்துவுக்கு அது தினமும் பந்தி. சுருண்ட இலைகளைக் கிள்ளி எறியவும் வேண்டாம். கோட்டுக்கு அடியில் இருக்கும் பச்சை இன்னும் செடிக்குச் சாப்பாடு தயாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, மடிப்புக்குள் இருப்பது குளவியாகவும் இருக்கலாம்.